தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் கரைந்துவிடுகிறது, வழி சொல்லுங்கள்

கேள்வி (தக்கலை):

கடைச் சோப்பின் வாசனை அப்பாவுக்குத் தும்மலைக் கிளப்புவதால், பக்கத்து ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவினர் கையால் செய்யும் தேங்காய் எண்ணெய் சோப்புக்கு மாறினோம். அப்பாவுக்குத் தும்மல் நின்றது. ஆனால் நான்கு பேர் குளிக்கும் வீட்டில் 100 கிராம் கட்டி போன இடம் தெரிவதில்லை. சோப்புப் பெட்டியின் அடியில் கஞ்சி போல வெள்ளையாகத் தேங்குகிறது. கட்டியின் அடிப்பக்கத்தில் விரலை வைத்தால் பள்ளம் விழுகிறது. மழை தொடங்கியபின், பிரிக்காமல் பிளாஸ்டிக் உறையோடு வைத்திருந்த கட்டிகளின் மேலும் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா? இந்தச் சோப்பை விட மனமில்லை. இப்படிக் கரைந்தால் கட்டுப்படியாகவும் இல்லை.

பதில் (குலசேகரம்):

சகோதரி, சோப்பு கெடவில்லை. நானும் வீட்டில் சோப்பு செய்து விற்பவள். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து சோப்பாகும்போது கிளிசரினும் கூடவே உண்டாகும். பெரிய தொழிற்சாலைகளில் பெரும்பாலும் அதைப் பிரித்தெடுத்துவிடுவார்கள். கையால் செய்த சோப்பில் அது அப்படியே தங்கிவிடும். காற்றில் உள்ள ஈரத்தை இழுப்பது கிளிசரினின் குணம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. சோப்பு வியர்க்காமல் என்ன செய்யும்! துணியால் ஒற்றி எடுங்கள். உறையைப் பிரித்து, காற்றோட்டமான அலமாரியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். பனையோலைப் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. வெயிலில் மட்டும் காயவைக்க வேண்டாம். ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் சிக்கு வாடையும் வந்தால்தான் எண்ணெய் கெட்டதென்று பொருள்.

அந்தக் குழுவினரிடம் எப்போது வார்த்த சோப்பு என்று கட்டாயம் கேளுங்கள். வார்த்து வெட்டிய கட்டி 4 முதல் 6 வாரம் உலர வேண்டும். உள்ளிருக்கும் நீர் ஆவியாக ஆவியாக எடை குறைந்து கட்டி இறுகும். மழைக்காலத்தில் அந்தக் கணக்குப் போதாது. தேவைக்கு முன்பே மொத்தமாக வாங்கி உங்கள் வீட்டிலேயே உலரவிட்டு, பழையதை முதலில் எடுங்கள். இதைச் செய்தாலே பாதித் தொல்லை தீரும்.

பதில் (குளச்சல்):

தங்கை, தேங்காய் எண்ணெய் சோப்பின் இயல்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் கடற்கரைப் பக்கம் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இதைத்தான் விரும்புவார்கள். வேறு சோப்பு நுரைக்காத தண்ணீரிலும் இது நுரைக்கும், கடல்நீரிலேயே நுரைக்கும். தேங்காய் எண்ணெயில் அதிகமுள்ள லாரிக் அமிலத்திலிருந்து உண்டாகும் சோப்பு தண்ணீரில் எளிதாகக் கரைவதுதான் காரணம். நுரை தருவதும் அந்தக் குணம், கட்டியைக் கரைப்பதும் அதே குணம். கையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. பாமாயில் கலந்த கட்டி இதைவிட மெதுவாகவே கரையும். ஆகவே இந்தச் சோப்பு தண்ணீரில் ஊறும் நேரத்தைக் குறைப்பதே நம் கையில் இருக்கிறது.

முதலில் அந்தப் பெட்டியை மாற்றுங்கள். சிரட்டையில் கண் இருக்கும் பாதியை எடுத்து, மூன்று கண்களில் மெலிந்த கண்ணைக் குத்தித் திறந்துவிடுங்கள். உள்ளே பீர்க்கங்காய் நாரை ஒரு விரல் கனத்துக்கு வட்டமாக வெட்டி வையுங்கள். சிரட்டை உருளாமலிருக்கச் சிறு பிரிமணை போதும். சோப்பு நாரின்மேல் நிற்கும், நீர் கண் வழியாகச் சொட்டிவிடும். நாரில் படியும் சோப்பும் வீணாகாது, அதையே எடுத்துத் தேய்த்துக் குளிக்கலாம். தேங்காய் நாரை வைக்காதீர்கள். பிசிறு சோப்பில் ஒட்டி உடம்பைக் கீறும்.

பதில் (மார்த்தாண்டம்):

நான்கு பேரும் அடுத்தடுத்துக் குளித்தால் சோப்புக்கு உலர நேரம் ஏது? கட்டியை இரண்டாக வெட்டி, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுங்கள். வாளிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தால் கோரி ஊற்றும் தண்ணீரெல்லாம் அதன்மேல்தான் விழும். ஜன்னல் திட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

கேட்டவர் (தக்கலை):

அக்கா, அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. கட்டிகளைப் பிரித்து அடுக்கிவிட்டேன். சிரட்டை ஜன்னல் திட்டில் இருக்கிறது. கட்டியின் அடிப்பக்கத்தில் இப்போது விரல் பதிவதில்லை. இன்னொரு சந்தேகம்: கடைசியில் மெலிந்து ஒடியும் துண்டுகளைப் புதுக் கட்டியில் ஒட்டினால் விழுந்துவிடுகின்றன. அவற்றை என்ன செய்வது?

பதில் (குலசேகரம்):

காய்ந்ததைக் காய்ந்ததோடு ஒட்டினால் நிற்காது. புதுக் கட்டியின் ஒரு பக்கத்தில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிக்கொள்ளுங்கள். குளித்து முடித்ததும் இரண்டும் நுரையோடு இருக்கும்போதே துண்டை அதன்மேல் அழுத்தி, இரவு முழுவதும் தொடாமல் விடுங்கள். அப்படியும் ஒட்டாத துண்டுகளைச் சிறிய பருத்தித் துணிப் பையில் போட்டுக் கை கழுவும் குழாயருகே தொங்கவிடலாம். துருவித் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் வைக்கச் சொல்வார்கள்; நம் ஊர் ஈரத்தில் அது சில நாளிலேயே நாறிவிடும். அன்றைய தேவைக்கு மட்டும் கரைத்துக்கொள்ளுங்கள்.