65 செ.மீ. கீழே உள்ள களி இறங்கி வந்ததா, இல்லையா?

வணக்கம். இடம் கொலராடோ ராக்கி மலை, சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் எங்கல்மன் ஸ்ப்ரூஸ் காட்டுச் சரிவு. குழியில் மேலே 5 செ.மீ. ஊசியிலைக் குப்பை, பிறகு 65 செ.மீ. வரை வெளிறிய மண், களி (மிக நுண்ணிய மண்துகள்) 18%. அதற்குக் கீழே 150 செ.மீ. தாண்டியும் பழுப்புக் களிமண். ஆய்வக அறிக்கையில் அது 21%தான். ஆர்ஜிலிக் அடுக்கு (மேலிருந்து களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு) என்று சொல்ல மேல்மண்ணின் களியைப் போல் 1.2 மடங்கு, அதாவது 21.6% வேண்டும். மயிரிழையில் போகிறது.

ஆனால் அந்த 21%ஐ நம்ப முடியவில்லை. ஈரமண்ணை விரலிடையில் பிதுக்கினால் நாடா 4 செ.மீ. வரை அறுபடாமல் நீள்கிறது. 15 பார் அழுத்தத்தில் நிற்கும் நீர் 14%. களியோடு விகிதம் 0.67. 0.6ஐத் தாண்டினாலே களி சரியாகப் பிரியவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். கரிமக் கார்பன் 0.6%, அதை அந்த நீரின் 14%இலிருந்து கழித்து 2.5ஆல் பெருக்கினால் களி 33.5% வருகிறது.

களியைப் பிரிக்கும் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் இரவு முழுக்கக் குலுக்கியும் இந்த நிலை. இரும்பு ஆக்சைடை முதலில் நீக்கிவிட்டு பிப்பெட் முறையை (நீரில் படியவிட்டுக் களியை அளப்பது) மறுபடி செய்யலாமா?

இன்னொன்று: 10 மடங்கு லென்ஸில் கட்டிகளின் முகத்தில் மினுக்கம் தெரிகிறது, வேர்த்துளைகளுக்குள் அரிதாகவே. துளைச்சுவரில் படலம் இருந்தால்தான் களி நீரோடு இறங்கியது என்று துணிந்து சொல்லலாம். முகத்தில் மட்டும் என்றால் வீங்கி நெருங்கியதாலும் பளபளக்கும். மெல்லிய வெட்டு (நுண்ணோக்கியில் பார்க்கும் மண்சீவல்) பார்த்தவர்கள், எந்த ஆழத்தில் மாதிரி எடுப்பது என்று சொல்லுங்கள். சரிவுமண் சரிந்து மூடிய இரண்டு படிவாகவும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய மணலின் பருமன் விகிதம் போதுமா?