பல்லுக்குப் பாலம் வைத்தவர்களே, பக்கத்துப் பற்கள் எப்படி இருக்கின்றன?

மலைக்கோட்டைவாசி, திருச்சி

எனக்குக் கீழ்வரிசையில் வலது பக்கம் முதல் கடைவாய்ப் பல் இல்லை. அந்த இடத்தில் பாலம் வைத்துப் பல வருடம் ஆகிறது, இன்றுவரை அந்தப் பக்கம்தான் மெல்லுகிறேன். இப்போது என் அக்காவுக்கும் அதே பல்லை எடுத்துவிட்டார்கள். "உனக்கு பிரிட்ஜ் நல்லாத்தானே இருக்கு, நானும் அதையே வெச்சுக்கட்டுமா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காரணம் இதுதான். எனக்குப் பல் போன இடத்துக்கு முன்னால் இருந்த பல்லில் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்திருந்தார்கள், பின்னால் இருந்ததில் பாதிக்கு மேல் சிமெண்ட் அடைப்புதான். இரண்டுக்கும் எப்படியும் கேப் போட வேண்டியிருந்தது. அந்த இரண்டு கேப்புகளுக்கு நடுவே ஒரு பொய்ப்பல்லையும் சேர்த்து, மூன்றையும் ஒரே துண்டாகச் செய்து ஒட்டினார்கள். எனக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை. அக்காவுக்கு அப்படியில்லை. அவளுடைய இரண்டு பக்கத்துப் பற்களிலும் ஒரு சின்னக் கரும்புள்ளிகூடக் கிடையாது. பாலம் என்றால் அந்த இரண்டையும் மேற்புறத்திலும் சுற்றிலும் இழைத்துக் குட்டையாக்க வேண்டும். இழைத்த எனாமல் திரும்ப வளராது. சில பேருக்கு இழைத்த பல்லின் உள்நரம்பு கொஞ்ச காலம் கழித்து இறந்துபோய், கேப்பின் மேலேயே துளை போட்டு வேர் சிகிச்சை செய்ய வேண்டிவரும்.

தெரியாதவர்களுக்காக, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல் எடுத்த புண் ஆறி ஈறு படியும்வரை சில வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். அப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு இரண்டு பற்களையும் இழைத்தார்கள். மாவு போன்ற ஒன்றை வாயில் வைத்து அச்சு எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். பாலம் வரும்வரை பிளாஸ்டிக்கில் ஒரு தற்காலிக மூடி. வந்ததும் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, எங்கே உயரமாக இடிக்கிறதோ அங்கே தேய்த்துச் சரிபார்த்தார்கள். சுலபம்தான், வலி பெரிதாக இல்லை. பில்லைப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. போனது ஒரு பல், கணக்கு மூன்று பல்லுக்கு. யூனிட் கணக்கு என்பார்கள்.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். குறிப்பாகத் தாங்கி நிற்கிற பற்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று சொல்லுங்கள். அக்காவிடம் அப்படியே படித்துக் காட்டப் போகிறேன்.

நொய்யல்கரை, கோவை

சகோதரி, உங்கள் அக்காவுக்கு முதலில் ஒன்று சொல்லுங்கள். என்ன வைப்பது என்று யோசிக்கலாம், ஆனால் வருடக்கணக்கில் யோசிக்க வேண்டாம். எனக்கும் அதே பல்தான். ஆறு வயதில் முளைக்கிற பல் அது. பால்பற்களுக்குப் பின்னால் எதுவும் விழாமலே முளைப்பதால், அதையும் பால்பல் என்று நினைத்துப் பல வீடுகளில் சொத்தையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அப்படித்தான் சின்ன வயதிலேயே போனது. ஐம்பது தாண்டி நான் டாக்டரிடம் போனபோது, பின்னால் இருந்த பல் காலி இடத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது. மேல்வரிசைப் பல்லும் எதிரே தடுக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கியிருந்தது. பொய்ப்பல்லுக்கு உயரமே இல்லை என்றார்கள். சாய்ந்த பல்லைக் கம்பி போட்டு நிமிர்த்தி, இறங்கிய பல்லைக் கொஞ்சம் குறைத்து, அதன் பிறகுதான் பாலம்.

தாடை எலும்பில் டைட்டானியத் திருகு பதித்து அதன் மேல் பல் வைப்பார்களே, அந்த இம்பிளான்ட் கேட்டுப் பார்த்தேன். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு பேசலாம் என்றார் டாக்டர். சர்க்கரை இருந்தாலே கூடாது என்றில்லை, மூன்று மாத சராசரி அதிகமாக இருந்தால்தான் புண் ஆறுவதும் எலும்பு பிடிப்பதும் சந்தேகம் என்று பொறுமையாக விளக்கினார். டைட்டானியத்தை எலும்பு தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதை ஸ்வீடனில் பிரானெமார்க் கண்டு, 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தாராம். உங்கள் அக்காவுக்குச் சர்க்கரை இல்லை, எலும்பும் போதுமான அளவு இருக்கிறது என்றால் அதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். பக்கத்துப் பல்லைத் தொடவே வேண்டாம். செலவும் காத்திருப்பும் கூடுதல் என்பது உண்மை.

மெழுகும் மாவும், மதுரை

நான் பல் லேபில் வேலை பார்க்கிறேன். பாலம் செய்வது எங்கள் கைதான், அதனால் நோயாளிகள் பார்க்காத பக்கத்தைச் சொல்கிறேன்.

டாக்டர் எடுத்த அச்சை நாங்கள் அளவு என்போம். அளவு வரும்போதே அந்தப் பாலம் எப்படி இருக்கும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இழைத்த பல்லின் விளிம்பு அச்சில் தெளிவாக விழுந்திருந்தால் மூடி இடுக்கில்லாமல் உட்காரும். மங்கலாக இருந்தால் நாங்கள் ஊகித்துத்தான் செய்ய வேண்டும், அந்த இடுக்கில்தான் பின்னால் சொத்தை நுழையும். நல்ல டாக்டர்கள் அச்சைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், திருப்தி இல்லையென்றால் மறுபடி எடுப்பார்கள். "எத்தனை தடவை வாய திறக்கிறது" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் பல்லுக்காகத்தான்.

அடுத்தது நடுவில் இருக்கிற பொய்ப்பல்லின் அடிப்பாகம். இதைப் பற்றி நோயாளிகள் யாரும் கேட்பதேயில்லை. முன்பல் என்றால் ஈறிலிருந்தே முளைத்ததுபோல் தெரிய வேண்டும், வெளிப்பக்கம் ஈறைத் தொட்டபடி செய்வோம். ஆனால் உள்பக்கம் குறைத்துவிடுவோம், இல்லாவிட்டால் சுத்தம் செய்ய நூல் போகாது. கீழ்க்கடைவாயில் யார் பார்க்கப் போகிறார்கள்? அங்கே ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே தெரிந்தே இடைவெளி விட்டுச் செய்யும் முறையும் உண்டு, சோறு தங்காமல் கொப்பளித்தால் போய்விடும். அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டுச் சிலர் "சந்து இருக்கே, அடைச்சுக் கொடுங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஈறின் மேல் குதிரைச் சேணம் மாதிரி கவிழ்ந்து உட்கார்ந்தால் அடியில் எதுவுமே நுழைய முடியாது, அழுக்கு மட்டும் நுழையும். கொஞ்ச நாளில் ஈறு சிவந்து, தொட்டாலே இரத்தம் வரும்.

எத்தனை பல்லுக்கு எத்தனை தாங்கி என்றும் கேளுங்கள். போன பற்களின் வேர்ப்பரப்பைவிடத் தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு குறையக் கூடாது என்று 1926இல் ஆன்டே என்பவர் ஒரு விதி சொன்னார். இப்போது அதை அப்படியே கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதில்லை, ஆனாலும் எண்ணம் சரியானது. வரிசையாக மூன்று கடைவாய்ப் பற்கள் போன இடத்துக்கு, ஆடிக்கொண்டிருக்கிற இரண்டு பற்களை நம்பிப் பாலம் கேட்டு வருகிறது சில அளவு. செய்து கொடுக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

நிறம் பற்றி ஒரே வார்த்தை. பளிச்சென்ற வெள்ளை கேட்காதீர்கள், பக்கத்துப் பல்லின் நிறத்தையே கேளுங்கள். சிரிக்கும்போது தெரியாது.

தகடூர், தருமபுரி

என் அப்பாவுக்குப் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு கடையில் "அரை மணி நேரத்தில் நிரந்தரப் பல்" கட்டினார்கள். இழைப்பும் இல்லை, ஊசியும் இல்லை, காசும் குறைவு. சந்தோஷமாக வந்தார். உண்மையில் அவர்கள் செய்தது என்னவென்றால், பிளாஸ்டிக் மாவைக் குழைத்து, ஒரு ரெடிமேட் பல்லை அதில் பதித்து, இருபக்கப் பற்களின் மேலும் ஈறின் மேலும் அப்பி, கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டார்கள். கழற்றவும் முடியாது, தேய்க்கவும் முடியாது. கொஞ்ச நாளில் வாயில் நாற்றம். அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்வார். அதைப் பார்க்கவே எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போனேன், கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான். அங்கே மேற்படிப்புப் படிக்கிற மாணவி ஒருவர் அந்தப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்தார். அடியில் இருந்த இரண்டு நல்ல பற்களும் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது அப்பாவுக்குக் கழற்றி மாட்டும் பகுதிப் பல்செட். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுகிறார், காலையில் கழுவி மாட்டுகிறார். பாலம் அளவுக்கு வசதி இல்லைதான், ஆனால் மீதிப் பற்கள் பத்திரமாக இருக்கின்றன.

பல் கட்டுகிற இடத்தில் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நம் பெரியவர்கள் கேட்கத் தயங்குவார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

மலைக்கோட்டைவாசி, திருச்சி

தகடூர் அண்ணா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. அப்பா இப்போது கையால் வாயை மூடாமல் பேசுகிறாரா?

தகடூர், தருமபுரி

பேசுகிறார் அம்மா. பேரனுக்குக் கதையும் சொல்கிறார்.

வல்வை மகள், லண்டன்

எங்கட வீட்டுக் கதை கொஞ்சம் வேற. மகனுக்கு மேலே முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் பிறவியிலேயே இல்லை. பால்பல் விழுந்த பிறகு அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளை, படம் எடுக்கும்போது வாயைத் திறக்கமாட்டான். இம்பிளான்ட் இப்ப வைக்க ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தாடை வளர்ந்து முடியவேண்டும், இல்லாவிட்டால் மற்றப் பற்கள் வளர்ச்சியோடு கீழே வர, இது மட்டும் மேலேயே நின்றுவிடும். பக்கத்துப் பல்லை இழைக்கவும் எனக்கு விருப்பமில்லை, அந்த வயதில் நரம்பு பெரிசாக இருக்குமாம்.

அப்ப சொன்னதுதான் மேரிலண்ட் பாலம். அமெரிக்காவில் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் உருவாக்கினதால் அந்தப் பெயர். பொய்ப்பல்லின் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய சிறகு இருக்கும், அதைப் பக்கத்துப் பல்லின் உள்பக்கத்தில் ரெசின் பசையால் ஒட்டுவார்கள். இழைப்பு இல்லை என்றே சொல்லலாம். இரண்டு பக்கமும் சிறகு இருந்தால்தானே உறுதி என்று நான் கேட்டேன். ஒரு பக்கம்தான் நல்லது என்றார் டொக்டர். இரண்டு பற்களும் கடிக்கும்போது வேறு வேறு மாதிரி அசையுமாம், அதில் ஒரு சிறகு விட்டுப்போனால் நமக்குத் தெரியாமலே உள்ளுக்குள் சொத்தை பிடிக்கும். ஒரு சிறகு மட்டும் என்றால் விட்டுப்போனால் பல் கையோடு வந்துவிடும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

மகனுக்கு ஒருமுறை கழன்று வந்தது, அன்றைக்குச் சரியான பதட்டம். கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தோம், அதையே ஒட்டிவிட்டார்கள். திருச்சி அக்கா, முன்பல் போன பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கோ. கடைவாய்க்கு இது அவ்வளவு தாங்காதாம்.

அடையாறு ஆலமரம், சென்னை

லண்டன் சகோதரி சொன்ன "தெரியாமலே விட்டுப்போவது" சாதாரணப் பாலத்திலும் நடக்கும், எனக்கு நடந்தது. மூன்று யூனிட் பாலம். பின்பக்கக் கேப்பில் சிமெண்ட் கரைந்து விட்டுப்போயிருக்கிறது, ஆனால் முன்பக்கக் கேப் கெட்டியாகப் பிடித்திருந்ததால் பாலம் விழவில்லை. வலியும் இல்லை, ஏனென்றால் அந்தப் பின்பல்லில் வேர் சிகிச்சை செய்து நரம்பு எடுத்திருந்தது. வாயில் ஒரு கெட்ட ருசி மட்டும் அடிக்கடி வரும். வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை சாப்பிட்டேன்.

ஒரு சுத்திகரிப்புக்குப் போனபோது அந்த டாக்டரம்மா பாலத்தை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். கேப்பின் விளிம்பில் எச்சில் குமிழி குமிழியாக வந்தது. கண்ணாடியில் எனக்கும் காட்டினார். பாலத்தை அறுத்து எடுத்தபோது பின்பல் ஈரக் கட்டைபோல் கறுத்து மெத்தென்று இருந்தது. அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

பாலம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். விளக்கமில்லாத கெட்ட ருசி, பாலத்தை அழுத்தினால் லேசான அசைவு, ஒரு பக்கம் மட்டும் நாற்றம், இதில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். வலி வரும் என்று காத்திருந்தால் நரம்பெடுத்த பல்லில் அது வரவே வராது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து வருடம் ஓடும் என்பார்கள், அந்த "நன்றாக" என்பதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவதும் சேர்த்தி.

செட்டிநாட்டுச் சமையல்கட்டு, காரைக்குடி

என் பாலத்தில் மேலிருந்த பீங்கான் ஒரு கோகுலாஷ்டமி சீடையில் பெயர்ந்தது. உள்ளே உலோகம் இருந்ததால் பாலம் நிற்கிறது, ஓரம் மட்டும் நாக்கை உரசும். டாக்டர் மழமழவென்று தேய்த்துவிட்டார். முறுக்கை உடைத்துச் சாப்பிடுகிறேன், நல்லி எலும்பைக் கடிப்பதில்லை. வெற்றிலை பாக்கையும் விட்டுவிட்டேன், விளிம்பில் கறை ஏறுகிறது என்பதால்.

பொதிகைத் தென்றல், தென்காசி

எனக்கு எதுவுமே வேண்டாம் என்று சொன்ன டாக்டரைப் பற்றியும் எழுத வேண்டும். வாயின் கடைக்கோடியில், ஞானப்பல்லுக்கு முந்தைய பல் போனது. அதற்குப் பின்னால் பல்லே இல்லாததால் பாலத்துக்கு ஒரு பக்கத் தாங்கி கிடையாது. முன்னால் இருக்கிற பல்லில் மட்டும் தொங்கவிட்டால் அதுவும் சேர்ந்து ஆடிப்போகும் என்றார். எதிரே மேல்வரிசையிலும் அந்தப் பல் இல்லை, மீதிப் பற்களில் நன்றாக மெல்ல முடிகிறது, அப்படியே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். ஒரு பைசா வாங்கவில்லை.

மலைக்கோட்டைவாசி, திருச்சி

எல்லாருக்கும் நன்றி. அக்கா முழுக்கப் படித்துவிட்டாள். எலும்பு அளவு பார்க்க ஸ்கேனும் சர்க்கரைப் பரிசோதனையும் எடுத்துவிட்டு, இம்பிளான்ட் பற்றிப் பேசப் போகிறாள். அது முடியாது என்றால் மட்டும் பாலம். மதுரைக்காரர் சொன்ன அடிப்பாகக் கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டாள்.

தனிச்செய்தியில் இரண்டு பேர் பாலத்தின் அடியை எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சாதாரண நூல் மேலிருந்து இறங்காது, மூன்றும் ஒரே துண்டு அல்லவா. சூப்பர் ஃப்ளாஸ் என்று மருந்துக்கடையில் கேளுங்கள், இல்லையென்றால் ஆன்லைனில் கிடைக்கும். அதன் ஒரு முனை விறைப்பாக இருக்கும், அதைப் பொய்ப்பல்லுக்கு அடியில் கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் நுழைத்து இழுக்க வேண்டும். நடுவில் பஞ்சுபோல் தடித்த பகுதி வரும், அதை வைத்துத் தாங்கும் பல் இரண்டின் ஓரத்திலும் பொய்ப்பல்லின் வயிற்றிலும் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். முதலில் கை பழகாது, கண்ணாடி முன் நின்று செய்யுங்கள். ராத்திரி பல் தேய்ப்பதற்கு முன்னால் செய்கிறேன். முருங்கைக்காய், கீரை, மாம்பழம் சாப்பிட்ட நாளில் எவ்வளவு நார் வருகிறது என்று பார்த்தால் ஒருநாளும் விடமாட்டீர்கள். இடைவெளி பெரிதாக இருப்பவர்களுக்குக் குட்டி பிரஷ் போதும், அளவை டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். ஊக்கு, குண்டூசி மட்டும் வேண்டாம்.