சமையலறையை விரிவாக்கும்போது காஸ் வேலையை யாரிடம் ஒப்படைப்பது?

ஹரோவாசி (கேள்வி)

வணக்கம். லண்டன் ஹரோவில், 1930களில் கட்டப்பட்ட, ஒரு பக்கம் அயல்வீட்டுடன் ஒட்டிய வீடு எங்களுடையது. பின்பக்கத்தை மூன்று மீற்றர் நீட்டி, குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டு, ஒரே பெரிய அறையாக ஆக்கப்போகிறோம். வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் காஸ் பொய்லர் இப்போது பின்சுவரில் இருக்கிறது. அதன் புகைக்குழாய் அந்தச் சுவரின் ஊடாக நேரே தோட்டப் பக்கம் வெளியேறுகிறது. அம்மா மின்னடுப்பை ஏற்பதாக இல்லை என்பதால், காஸ் அடுப்பையே அறையின் நடுவில் அமையும் மேடைக்கு மாற்ற எண்ணியிருக்கிறோம்.

எங்கள் பில்டர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலை தந்திருக்கிறார். அடுப்பை இடம் மாற்றுவது வெறும் குழாய் வேலை, அதற்குப் பதிவு பெற்ற ஆள் தேவையில்லை என்கிறார். பொய்லரைத் தான் தொடப்போவதே இல்லை, ஆகையால் அதைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம் என்கிறார். படிக்கட்டின் கீழுள்ள காஸ் மானியையும் தானே வெளிச்சுவருக்கு நகர்த்தித் தருவாராம். இதற்கிடையில் என் மைத்துனர், பழைய அடுப்பைக் கழற்றத் தானே போதும் என்று நிற்கிறார். இவற்றில் எது சட்டப்படி சரி, வேலை முடிந்ததும் என்னென்ன பத்திரங்கள் என் கையில் இருக்க வேண்டும் என்று விபரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குழாய்த்தொழிலாளி

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் பில்டர் அதைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டின் காஸ் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, காஸ் வேலையைத் தொழிலாகச் செய்பவர் தனி ஆளாக இருந்தாலும் நிறுவனமாக இருந்தாலும் காஸ் சேஃப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். 2009 ஏப்ரல் 1ஆம் திகதிக்கு முன்பு அந்த இடத்தில் கோர்கி என்ற பழைய பதிவேடு இருந்தது. ஆகவே இன்றைக்கும் ஒருவர் தன்னிடம் கோர்கி அட்டை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தால், அவரைச் சந்தேகிக்க அதுவே போதும். மீறுவோருக்கு வரம்பில்லாத தண்டப்பணமும் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

குழாயை நீட்டுவது, வெட்டி அடைப்பது, அடுப்பைக் கழற்றுவது, மாட்டுவது எல்லாமே அந்த விதிகளின் கண்ணில் காஸ் வேலைதான். ஒரு விலக்கு மட்டும் உண்டு. தனித்து நிற்கும் குக்கரின் பின்னால், கழற்றியதும் தானாகவே அடைத்துக்கொள்ளும் பயனெற் இணைப்பு இருந்தால், அதைக் கழற்றி மாட்டுவது "வேலை" என்ற வரைவிலக்கணத்துக்குள் வராது. மேசைத்தட்டில் பதித்த அடுப்புகள் பெரும்பாலும் நிலையான குழாயுடன் இணைக்கப்பட்டிருக்கும், அவற்றுக்கு அந்த விலக்கு பொருந்தாது. கூலி வாங்காமல் செய்தாலும் செய்பவருக்கு அதற்குரிய தகுதி இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. ஆகவே மைத்துனரை அலுமாரிகளைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது அடுப்பு அல்ல, பில்டர் தொடப்போவதில்லை என்கிற அந்தப் பொய்லர். பின்சுவருக்கு அப்பால் மூன்று மீற்றர் அறை எழும்பினால், இன்று தோட்டத்துக்குள் போகும் புகை நாளை உங்கள் புதிய அறைக்குள் அல்லவா வந்து விழும்? அதில் காபன் மொனொக்சைட் இருந்தால் மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி என்று படுத்தவர் எழும்பாமலே போய்விடலாம். காஸ் சாதனம் உள்ள கட்டடத்தில், அதன் பாதுகாப்பைக் கெடுக்கும் எந்த மாற்றத்தையும் எவரும் செய்யக்கூடாது என்று அதே ஒழுங்குவிதிகளின் 8ஆம் விதி சொல்கிறது. ஒரு ஸ்பானரைக்கூட எடுக்காமல், செங்கல்லை மட்டும் அடுக்கிக்கொண்டே உங்கள் பில்டர் அந்த விதியை மீறிவிடலாம்.

ஆகவே பதிவு பெற்ற ஒருவரை, அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே, வரைபடம் மேசையில் இருக்கும்போதே அழையுங்கள். எல்லோரும் கடைசியில், தட்டும் தளமும் போட்டு முடித்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறார்கள். அப்போது எங்களால் செய்யக்கூடியது ஓர் எச்சரிக்கை ஒட்டியை ஒட்டிவிட்டு இணைப்பைத் துண்டிப்பதுதான். முன்கூட்டியே வந்தால், பொய்லரை வேறு வெளிச்சுவருக்கு மாற்றுவதா, புகைக்குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோவதா என்று தீர்மானிக்கலாம். கூரைத்தட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோனால், அதன் மூட்டுகளைப் பார்வையிடக் குறைந்தது 300க்கு 300 மில்லிமீற்றர் அளவில் மூடித் திறக்கும் வாய்கள் வைக்க வேண்டும். அழகு கெடுகிறது என்று பில்டர்கள் அதைப் பூசி மூடிவிடுவது வழக்கம், கவனமாக இருங்கள். வேலை நடக்கும் நாட்களில் தூசிக்காகக் கட்டும் பிளாஸ்ரிக் விரிப்பு புகைவாயை மூடிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுமேடை அடுப்புக்குக் குழாய் தளத்தின் ஊடாகத்தான் வரும். கொங்கிரீற்றுக்குள் வெறும் செப்புக்குழாயைப் புதைத்தால் காலப்போக்கில் அரித்துவிடும், ஆகையால் உறையிட்ட குழாய் வேண்டும். மானியிலிருந்து சாதனம் வரை அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக்கூடாது என்பதால், நீண்ட ஓட்டத்துக்கு 15 மில்லிமீற்றர் குழாய் போதாமல் போகலாம். அதைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேலே புகையுறிஞ்சி எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள்.

மானியை நகர்த்துவது உங்கள் பில்டரின் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல. அது உங்களுடைய சொத்தே இல்லை. காஸ் வழங்குநரிடம் கேளுங்கள். தெருவிலிருந்து வரும் குழாயையும் சேர்த்து மாற்றுவதென்றால் விநியோக வலையமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும், ஹரோவில் அது கேடண்ட் நிறுவனம். கட்டணமும் காத்திருப்பும் உண்டு, முதலிலேயே பதிந்துவிடுங்கள்.

ஈஸ்ட்ஹாம் வீட்டுக்காரி

மேலே சொன்னதோடு அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேஸ் சேஃப் அட்டையின் முன்பக்கத்தில் படமும், ஏழு இலக்க உரிம எண்ணும், காலாவதித் தேதியும் இருக்கும். பலரும் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே விட்டுவிடுவார்கள். பார்க்க வேண்டியது பின்பக்கம். அந்த ஆள் எந்தெந்தச் சாதனத்தில் வேலை செய்யத் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் எழுதியிருக்கும். பாய்லருக்குத் தகுதி இருந்து அடுப்புக்கு இல்லாதவரும் உண்டு, மறுபுறமும் உண்டு. உரிம எண்ணைப் பதிவேட்டின் இணையதளத்தில் போட்டால் அதே விவரம் அப்படியே வரும். வாசலில் நிற்கவைத்துக்கொண்டே பார்த்துவிடலாம், நேர்மையான ஆள் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை.

பத்திரங்களைப் பொறுத்தவரை, பாய்லரை இடம் மாற்றினாலோ புதிதாகப் பொருத்தினாலோ, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை உள்ளாட்சி மன்றத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். பதிவு பெற்றவர் 30 நாட்களுக்குள் கேஸ் சேஃப் வழியாகத் தெரிவித்துவிட்டால், கட்டட விதிமுறைச் சான்றிதழ் உங்கள் பெயருக்குத் தபாலில் வந்து சேரும். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்கும் தாள்களில் அதுவும் ஒன்று. விரிவாக்கத்துக்கான கட்டடக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் தனி. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

வீட்டில் ஓர் அறையையாவது வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், ஆண்டுக்கொரு முறை கேஸ் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். அதன் பதிவை 28 நாட்களுக்குள் குடியிருப்பவரிடமும், புதிதாக வருபவரிடம் குடிபுகும் முன்பும் கொடுக்க வேண்டும்.

ஹரோவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. புகைக்குழாய் விடயம் எங்கள் வரைபடம் வரைந்தவருக்குக்கூடத் தோன்றவில்லை. இப்போது அவரிடம் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பில்டரிடம் பேசியதில் அவர் சற்று இறங்கி வந்திருக்கிறார். குழாய்களைத் தானே போட்டுவிட்டு, பதிவு பெற்ற தன் நண்பர் ஒருவரை இறுதியில் அழைத்துப் பார்வையிடச் செய்து கையெழுத்து வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அது போதுமா? இன்னொன்று, என் ஒன்றுவிட்ட அண்ணா வெம்பிளியில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறார். அவருடைய அடுப்புகளைப் பார்க்கும் காஸ்காரர் மிகவும் நம்பிக்கையானவர். அவரையே அழைக்கலாமா?

குழாய்த்தொழிலாளி

போதாது. பதிவு இல்லாதவர் செய்த வேலைக்குப் பதிவு உள்ளவர் கையெழுத்து வைப்பது என்பது எங்கள் தொழிலில் அனுமதிக்கப்பட்ட வழி அல்ல. சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் போன குழாயை எப்படி வளைத்தார்கள், எங்கே மூட்டினார்கள் என்று பார்க்காத ஒருவர் எதை நம்பிக் கையெழுத்திடுவார்? கசிவுச் சோதனையில் தேறினால் இன்றைக்குக் கசியவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அந்த நண்பர் உண்மையில் பதிவு பெற்றவர் என்றால், அவரே முதலிலிருந்து வந்து குழாயைப் போடட்டும். பில்டரின் மொத்த விலையிலிருந்து காஸ் வேலையைக் கழித்துவிட்டு, அதை நீங்களே நேரடியாக ஒருவரிடம் ஒப்பந்தம் செய்வதைத்தான் நான் விரும்புவேன். பணம் உங்கள் கையிலிருந்து போனால், அட்டையைக் கேட்கும் உரிமையும் உங்களிடமே இருக்கும்.

அண்ணாவின் காஸ்காரரைப் பொறுத்தவரை, கடைச் சமையலறைக்கான தகுதி வேறு, வீட்டுச் சாதனங்களுக்கான தகுதி வேறு. இரண்டும் அவருடைய அட்டையின் பின்பக்கத்தில் இருந்தால் தாராளமாக அழையுங்கள். வீட்டுப் பிரிவு இல்லையென்றால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்கள் அடுப்பில் அவர் கை வைக்க முடியாது.

யாரை அமர்த்தினாலும் அவர் இரண்டு தடவை வர வேண்டியிருக்கும் என்று விலை கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். தளம் ஊற்றுவதற்கு முன் குழாயைப் போட்டுச் சோதிப்பது ஒரு தடவை. அலுமாரியும் மேசைத்தட்டும் பொருத்திய பின் அடுப்பை இணைத்து, சுவாலையையும் அழுத்தத்தையும் பார்த்து, மீண்டும் சோதிப்பது அடுத்த தடவை. புதிய இடத்தில் பொய்லர் பொருத்தப்படும் அறையில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் வைக்க வேண்டும். 2022 ஒக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் அது கட்டட விதிமுறையின் பகுதி. இடையில் எப்போதாவது காஸ் மணம் வந்தால், மானிக்கு அருகிலுள்ள கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பி மூடிவிட்டு, யன்னல்களைத் திறந்து, மின்னாளி எதையும் தொடாமல் வெளியே வந்து 0800 111 999 என்ற இலக்கத்தை அழையுங்கள். அந்த இலக்கம் இரவு பகலாக இயங்கும். பில்டரின் தொலைபேசிக்காகக் காத்திருக்க வேண்டாம்.