மருந்து அடித்த மறுநாள் ஏரி மீன்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கலிங்குமேடு:
காட்டுமன்னார்கோவில் பக்கம் எங்கள் ஊர். சம்பா நட்டு ஒரு மாதம், இலைச்சுருட்டுப்புழுவுக்கு ஊரே மருந்து அடித்துக்கொண்டிருந்த சமயம். ராத்திரி நல்ல மழை. மேட்டு வயல் வடிகால் எல்லாம் ஏரியில்தான் விழும். காலையில் அப்பாவோடு கரைக்குப் போனேன். முக்கால் கிலோ விரால் ஒன்று கரையோரமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. விரால் பிடித்தவர்களுக்குத் தெரியும், தூண்டில் முள்ளைக் கழற்றுவதற்குள் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். நான் சும்மா கையை நீட்டினேன். வந்து உள்ளங்கையில் சாய்ந்து படுத்துக்கொண்டது. வால் மட்டும் வெடவெடவென்று நடுங்கியது. எனக்குப் பன்னிரண்டு வயசு, பெருமையாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது நாற்பது. அந்த நடுக்கம் இன்னும் கையில் இருக்கிறது.

குட்டைக்காரன்:
எடுத்த எடுப்பில் மருந்து என்று முடிவு கட்டாதீர்கள். என் குட்டையில் ஒரு விடியற்காலை கட்லா எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிட்டது. பக்கத்து வயல்காரரோடு சண்டைக்கே போய்விட்டேன். கடைசியில் பார்த்தால் ஆக்சிஜன் குறைவு. பாசி பகலில் ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவே இழுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில்தான் ரொம்பக் குறையும், மேகமூட்டம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குட்டை வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: மழை மூட்டம் போட்டால் சாயங்காலத் தீவனத்தை நிறுத்துங்கள். சாணத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். விடியற்காலை 3 மணிக்கு எழுந்து மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலேயிருந்து விழ விடுங்கள். தண்ணீர் பச்சையாகக் கெட்டியானால் பாதியை மாற்றுங்கள். பெரிய மீன் முதலில் செத்தால் ஆக்சிஜன், பொடிமீனும் சேர்ந்து செத்தால்தான் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும்.

கலிங்குமேடு:
குட்டை யோசனை யார் கேட்டது அண்ணா? விரால் மேலே வந்து நேராகக் காற்றை இழுக்கிற மீன். ஏரி வற்றினால் சேற்றுக்குள் கிடந்து பிழைக்கும். அதற்குப் போய் ஆக்சிஜன் பற்றாமல் போனதா? மதகுப் படியில் நண்டு மல்லாந்து கிடந்ததையும் சொல்ல விட்டுவிட்டேன். காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது.

குட்டைக்காரன்:
நண்டை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நண்டும் இறாலும் விழுந்தால் சைபர்மெத்ரின் வகைப் பூச்சிமருந்தாக இருக்கலாம், அவற்றுக்கு அது சொட்டே எமன். ஆனாலும் பொதுவாக நான் சொன்னது சரிதான்.

பழைய கணக்குப்பிள்ளை:
நான் உரக்கடையில் பில் போட்டவன். 2009 இருக்கும். எண்டோசல்பான் பூச்சிமருந்துக்கு உச்ச நீதிமன்றத் தடை வந்தது 2011-ல், அதற்கு முன்பு. இரண்டு பையன்கள் வந்து கால் லிட்டர் கேட்டார்கள்.
“எந்தப் பயிருக்குப்பா?”
“பயிருக்கு இல்லண்ணே, மீனுக்கு.”
சிரித்துக்கொண்டே சொன்னான். பங்குனியில் ஏரி வற்றிக் குட்டை குட்டையாக நிற்கும்போது கொஞ்சம் ஊற்றினால் எல்லாம் மிதக்கும், அள்ளிக்கொண்டு சந்தைக்குப் போய்விடலாம். எங்கள் பக்கம் தெரியாதவர் கிடையாது. முதலாளி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பில்லில் ‘பருத்தி’ என்று எழுதினேன். அந்த வாரம் சந்தையில் மீன் வாங்கவில்லை. எங்கள் தெருக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

மாமியார் சமையல்:
என் கதை சின்னது. மஞ்சளும் புளியும் சேர்ந்தால் எந்த விஷமும் முறிந்துவிடும் என்று மாமியார் சொல்வார், நானும் பத்து வருஷம் நம்பினேன். அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எண்டோசல்பான், டிடிடி மாதிரி மருந்துகள் தண்ணீரில் கரைவதைவிடக் கொழுப்பில் போய் உட்காரும். கழுவினால் போகாது, கொதித்தாலும் முழுசாகப் போகாது. சந்தேகமான ஏரி மீன் என்றால் தோலை உரித்துவிடுங்கள். வயிற்றுக் கொழுப்பு, குடல், ஈரல் எல்லாவற்றையும் எறியுங்கள். சினைக்கு ஆசைப்படாதீர்கள். குழம்பில் கொழுப்பு அப்படியே தங்கும், சுட்டால் கொஞ்சம் வடியும்.

கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்று ஓர் ஏரி. கொசு மாதிரி பூச்சி, கடிக்காது, தொந்தரவு மட்டும்தான். அதற்காக 1949-ல் டிடிடியின் சொந்தக்கார மருந்து ஒன்றைக் கலந்தார்கள் (அதன் பெயரைத் தமிழில் எழுதினாலும் டிடிடி என்றுதான் வரும்). 7 கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்குதான். பிறகு 1954-லும் 1957-லும் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கலந்தார்கள். மீன் தின்ற முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதந்தன. அவற்றின் கொழுப்பில் பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு இருந்தது. நாமும் அந்த முக்குளிப்பான் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது பெரிய மீனைத் தவிர்த்துச் சின்ன மீனாக...

மடைத்தலை:
அம்மா, போதும். கலிங்குமேடு அண்ணா, அந்த விராலை என்ன செய்தீர்கள், அதைச் சொல்லவே இல்லையே?

கலிங்குமேடு:
அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தாள். நல்ல சிவப்பு. “புதுசுதான்” என்று சாம்பல் போட்டு உரச உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்குத் தலை, எனக்கு நடுத்துண்டு. சினை இருந்தது, அதை அக்காவுக்கு வைத்தாள். அக்கா அப்போது மாசமாக இருந்தாள்.