யூரோஸ்டைல் எழுத்துருவின் சாயலில் வரைந்த ஆங்கில ‘ஓ’ ஏன் குட்டையாகத் தெரிகிறது?

வளைகோடு:
மூலை உருண்ட சதுர வடிவில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் வரைகிறேன். உயரம் 700 யூனிட் (எழுத்துரு மென்பொருளின் அளவு அலகு), கோட்டுத் தடிமன் எல்லா இடத்திலும் 80. அளந்தால் எல்லாம் சரி. ஆனால் ‘ஹெச்’ பக்கத்தில் ‘ஓ’ குட்டையாகத் தெரிகிறது, படுக்கைக் கோடுகள் தடித்துத் தெரிகின்றன. நேர்கோடும் கால்வட்டமும் சேரும் இடத்தில் ஒரு புடைப்பு வேறு. எதை மாற்ற வேண்டும்?

அச்சுமை:
மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: அளவுகோலை நம்பியிருக்கிறீர்கள், கண் வேறு மாதிரி பார்க்கிறது.

புடைப்பை முதலில் சரிசெய்யுங்கள். நேர்கோட்டில் வளைவு பூஜ்யம். கால்வட்டம் தொடங்கியதும் அது சட்டென்று ஏறுகிறது. அந்தத் தாவல்தான் முட்டுகிறது. 1962இல் டூரின் நகர நெபியோலோ அச்செழுத்து வார்ப்பகத்துக்காக ஆல்டோ நொவரேசே வடிவமைத்த யூரோஸ்டைலில் பக்கங்களே லேசாக வளைந்திருக்கும், பழைய தொலைக்காட்சித் திரை மாதிரி. அதனால் ‘ஓ’வின் மேல், கீழ், இடம், வலம் என நான்கு உச்சிகளில் மட்டும் நோட் (கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளி) வையுங்கள். ஹேண்டில் (நோட்டிலிருந்து நீண்டு வளைவை இழுக்கும் பிடி) நீளம் 55% என்றால் வட்டம். 69% அளவில் வைத்தால் நீங்கள் தேடும் வடிவம் வரும். அரை அகலம் 300 என்றால் ஹேண்டில் 207. உள் வளைவுக்கும் அதே 69% போடுங்கள். அங்கே குறைத்தால் மூலை மட்டும் கனத்துவிடும்.

படுக்கைக் கோட்டை 72க்கு இறக்குங்கள். ‘ஓ’வை மேலும் கீழும் 6 யூனிட் வெளியே தள்ளுங்கள். முழு வட்டமாக இருந்தால் 10, 12 வரை தேவைப்படும். உச்சி தட்டையாக இருப்பதால் இங்கே 6 போதும்.

வளைகோடு:
நன்றி, 69% போட்டதும் புடைப்பு போய்விட்டது. இதையே 130% அகலமாக இழுத்து எக்ஸ்டெண்டட் வடிவம் எடுக்கலாமா? கருவிகளின் முகப்புப் பலகையில் 7 பாயிண்டில் அச்சாகப் போகிறது.

சிற்றெழுத்து:
இழுக்காதீர்கள். 80 இருந்த நிற்கும் கோடு 104 ஆகிவிடும், படுக்கைக் கோடு 72லேயே நிற்கும். வளைவும் நசுங்கும். அகல வடிவத்தைத் தனி மாஸ்டராக (மூல வரைவாக) வரைந்து, இடைப்பட்டவற்றை மென்பொருளிடம் விடுங்கள்.

பலகை வேலைக்கு அதைவிடப் பெரிய ஆபத்து, இந்தப் பாணியில் ‘ஓ’, ‘டி’ (D), பூஜ்யம் மூன்றும் ஒரே பெட்டியாகத் தெரிவது. ‘டி’யின் இடப்பக்க மூலைகளைக் கூர்மையாகவே விடுங்கள். பூஜ்யத்தை ஒடுக்கி, குறுக்குக் கோடு போட்ட மாற்று வடிவமும் சேருங்கள். ‘8’, ‘பி’ (B) இரண்டுக்கும் இதே கவனம் தேவை. 7 பாயிண்டில் எழுத்து இடைவெளியை 30, 40 யூனிட் கூட்டினால்தான் பெட்டிகள் ஒட்டாமல் நிற்கும்.

அச்சுமை:
பெயர்ப்பலகை, எண்கள், தலைப்பு தவிர வேறெதற்கும் வேண்டாம் என்றால் சிறிய எழுத்துகள் வரையாமலே விடலாம். யூரோஸ்டைலுக்கு முன்னோடியான 1952இன் மைக்ரோகிராமாவில் பெரிய எழுத்துகள் மட்டும்தான். நீண்ட பத்திக்கு இந்த வடிவம் உதவாது; எல்லா எழுத்தும் ஒரே சதுரமாக இருப்பதால் சொல்லுக்கென்று தனி உருவம் அமைவதில்லை.