கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகர மின்சாரம்: ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் பொருத்தியவர்கள் அனுபவம்

மிட்டவுன்வாசி:
நகராட்சித் திட்டத்தில் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் போட்டாயிற்று. நான் சேர்ந்தபோது முதலில் 1,500 டாலர், மீதி மாதம் 20 டாலராக மின்கட்டணத்தோடு. பழைய கேஸ் ஹீட்டரையும் அவர்களே கழற்றி எடுத்துப் போனார்கள். மனதை உறுத்துவது வேறு. கராஜில் மாமியார் புது ஹீட்டர் அருகே கையை நீட்டினார். சில்லென்று காற்று. "வெந்நீர் போடும் இயந்திரம் குளிர்காற்றை ஊதுகிறதே, மாப்பிள்ளை?" சுற்றியுள்ள காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரில் ஏற்றுகிறது, மிஞ்சுவதுதான் இந்தக் குளிர் என்றேன். தலையாட்டிவிட்டு, "கரண்ட் போனால்?" என்று கேட்டார். பொருத்த வந்தவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

பழைய குடியிருப்பாளர்:
சரியான கேள்வி. 2010 பிப்ரவரி 17 அன்று இங்கே இருந்தவர்களுக்கு அது புரியும். மூடுபனிக் காலையில் கிளம்பிய சிறு விமானம் உயர் அழுத்தக் கம்பியில் மோதி விழுந்தது. மூவர் இறந்தார்கள். வெளியிலிருந்து ஊருக்கு மின்சாரம் வருவது அந்த ஒரே மின்கம்பித் தடத்தில், எனவே மாலைவரை ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. எங்கள் கேஸ் ஹீட்டரில் மட்டும் வெந்நீர் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையைத் தூக்கி வந்து எங்கள் குளியலறையில் குளிப்பாட்டினார். 1900 முதல் நகரமே மின்சாரம் வழங்குகிறது, 2013 முதல் அது கார்பன் சமநிலை மின்சாரம், அதாவது நிகரக் கணக்கில் காற்றில் கார்பனைக் கூட்டாதது. எனக்கும் பெருமைதான். ஆனால் வெந்நீர், அடுப்பு, கார் எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றச் சொல்பவர்கள் முதலில் இரண்டாவது தடத்தைக் கொண்டுவரட்டும்.

வாடகைவீட்டான்:
மேலே எழுதியவர் சொல்வது பைலட் சுடர் என்னும் சிறு தீ எப்போதும் எரியும் பழைய ரகத்துக்குத்தான் பொருந்தும். தொட்டி இல்லாத கேஸ் ஹீட்டர்களுக்கும் மின்சாரம் வேண்டும். ஹீட் பம்ப் தொட்டியில் ஏற்கெனவே சூடான நீர் பல மணி நேரம் சூடு தாங்கும். கேஸையும் விற்பது இதே நகராட்சிதான். தான் விற்கும் பொருளையே குறைக்கச் சொல்லும் நிர்வாகத்தைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை.

என் கதை சிறியது. வீட்டு உரிமையாளரிடம் இந்தத் திட்டத்தைச் சொன்னேன். "இருக்கும் கேஸ் ஹீட்டர் கெட்டுப்போகட்டும், பார்க்கலாம்" என்றார். அதுதான் தவறு! கெட்ட பிறகு வெந்நீர் இல்லாத அவசரத்தில் பிளம்பர் கையில் எது இருக்கிறதோ அதுதான் வந்து உட்காரும், பெரும்பாலும் இன்னொரு கேஸ் ஹீட்டர். ஆகவே பழையது ஓடும்போதே விண்ணப்பியுங்கள். மின்பலகையில் இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர் வடிய வழி வேண்டும். சின்ன அறையில் அடைத்தால் காற்றுப் போதாது. தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும் என்பதால் ஆள் அதிகமுள்ள வீட்டுக்குப் பெரிய தொட்டியாக வாங்குங்கள். நிலநடுக்கத்துக்காகச் சுவரோடு பட்டை போட்டுக் கட்டினார்களா என்பதையும் நின்று பாருங்கள்.

பழைய குடியிருப்பாளர்:
நான் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை, தடத்தைப் பற்றிப் பேசினேன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.