டார் ஃபைலை வேற டிஸ்க்ல எக்ஸ்ட்ராக்ட் பண்றது எப்படி? ஹோம்ல இடமே இல்ல

ஸ்டுடியோபையன்

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் அவசரம். நான் ஒரு போட்டோ ஸ்டுடியோல எடிட்டிங் பாக்குறேன், உபுண்டு லினக்ஸ்ல டார்க்டேபிளும் கிம்ப்பும் வச்சு தான் வேலை. எனக்கு முன்னாடி இருந்த அண்ணன் பழைய கல்யாண ஆர்டர் மொத்தத்தையும் ஒரே டார்.ஜீஇசட் ஃபைலா கட்டி வச்சுட்டு போயிருக்காரு, சைஸ் 62 ஜிபி. அது இருக்கறது ஹோம்ல (லேப்டாப்ல என்னோட ஃபோல்டர்), ஹோம்ல மிச்சம் இருந்தது 11 ஜிபி. நான் அதை யோசிக்காம அங்கயே எக்ஸ்ட்ராக்ட் போட்டுட்டேன், கொஞ்ச நேரத்துல நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்னு வந்து நின்னுடுச்சு. பாதி வந்ததை எல்லாம் அழிச்சுட்டேன்.

இப்ப 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒண்ணு மாட்டியிருக்கேன், நேரா அதுக்குள்ள பிரிக்கணும். காப்பி பண்ற சிபி கமாண்ட் மாதிரி கடைசில டிஸ்க் பாத் குடுத்தேன், நாட் ஃபவுண்ட் இன் ஆர்கைவ்னு சொல்லுது. அப்புறம் எங்கயோ படிச்ச ஞாபகத்துல மைனஸ் சி போட்டு பாத் குடுத்தேன், ஒரு ஆப்ஷனுக்கு மேல தரக்கூடாதுனு திட்டுது. திங்கக்கிழமை ஒரு கஸ்டமருக்கு பழைய ஆல்பம் மறுபடி பிரிண்ட் போட்டு தரணும், அவங்க அப்பா இப்ப இல்ல, அவரு இருக்கற படம் எல்லாம் அதுல தான் இருக்கு. போன்ல இருந்து தமிழ் கீபோர்டுல அடிக்கிறேன், நீங்களும் எழுத்து எழுத்தா சொன்னீங்கன்னா அப்படியே போட்டுக்குவேன்.

டெர்மினல்வாசி

தம்பி, பதறாதீங்க, உங்க ஃபைலுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க போட வேண்டியது பெரிய சி. போட்டது சின்ன சி. சின்ன சி-ன்னா புதுசா ஆர்கைவ் உருவாக்குனு அர்த்தம், எக்ஸ்னா பிரினு அர்த்தம், ரெண்டையும் ஒண்ணா சொன்னதால தான் அது மறுத்துருச்சு. மறுத்தது நல்லதாப் போச்சு, ஏன்னா எக்ஸ் இல்லாம சின்ன சி, எஃப் மட்டும் போட்டு பின்னாடி ஒரு ஃபோல்டர் பேரும் குடுத்திருந்தா அந்த 62 ஜிபி ஃபைல் மேலயே புது ஆர்கைவை எழுதியிருக்கும், திரும்ப கேக்காது. அதனால இந்த ஒரு எழுத்துல மட்டும் கண்ணை வச்சுக்கங்க.

கடைசில பாத் குடுத்தா ஏன் வேலை செய்யலைன்னா, டாருக்கு ஃபைல் பேருக்கு அப்புறம் வர்றது எல்லாம் "உள்ள இருந்து எதை எடுக்கணும்"ங்கற லிஸ்ட். நீங்க டிஸ்க் பாத்தை குடுத்ததும் அந்த பேர்ல ஒரு ஃபைல் ஆர்கைவுக்குள்ள இருக்கானு தேடிட்டு இல்லைன்னு சொல்லியிருக்கு. எங்க போடணும்னு சொல்றது பெரிய சி மட்டும் தான், அது "முதல்ல அந்த ஃபோல்டருக்குள்ள போய் நின்னுக்க, அப்புறம் பிரி"னு சொல்ற மாதிரி. ஆனா எஃப்புக்கு அப்புறம் குடுக்கற ஆர்கைவ் பேர் இப்ப நீங்க நிக்கற இடத்துல இருந்தே தான் பாக்கும், பெரிய சி அதை மாத்தாது, அதனால ஹோம்ல நின்னே அடிக்கலாம்.

முதல்ல டிஎஃப் ஸ்பேஸ் மைனஸ் எச் அடிச்சு எக்ஸ்டர்னல் டிஸ்க் நிஜமாவே மவுன்ட் ஆகியிருக்கா (சிஸ்டத்தோட சேந்திருக்கா), எந்த பாத்ல இருக்குனு பாருங்க, உபுண்டுல பொதுவா ஸ்லாஷ் மீடியா ஸ்லாஷ் உங்க யூசர் நேம் ஸ்லாஷ் டிஸ்க் பேர்னு வரும். இதை விட்டுடாதீங்க, டிஸ்க் மவுன்ட் ஆகாம இருக்கறப்ப சூடோ (அட்மின் அதிகாரம்) போட்டு அதே பேர்ல ஒரு ஃபோல்டர் உருவாக்கினா எல்லாம் லேப்டாப்புக்குள்ளயே தான் போய் விழும், மறுபடி அதே இடப் பிரச்சனை. அப்புறம் எம்கேடிர் மைனஸ் பி போட்டு டிஸ்க்ல ஒரு ஃபோல்டர் உருவாக்குங்க, பெரிய சி தானா ஃபோல்டர் உருவாக்காது, இல்லைன்னா எரர் தான். அதுக்கப்புறம்: டார், ஸ்பேஸ், மைனஸ் எக்ஸ் எஃப், ஸ்பேஸ், ஆர்கைவ் பேர், ஸ்பேஸ், மைனஸ் பெரிய சி, ஸ்பேஸ், அந்த ஃபோல்டர் பாத். பாத்ல ஸ்பேஸ் இருந்தா கோட் போடுங்க. ஜீஇசட்னு தனியா இசட் சேக்க வேண்டாம், பிரிக்கறப்ப டாரே கண்டுபிடிச்சுக்கும்.

இடம் எவ்வளவு வேணும்னா, உள்ள இருக்கறது ஜேபெக்னா அது ஏற்கனவே அமுக்கின படம், ஜீஇசட் அதுக்கு மேல பெருசா குறைச்சிருக்காது, பிரிச்சாலும் ஏறக்குறைய அதே 62 தான் வரும். 2 டிபிக்கு அது ஒண்ணுமே இல்ல.

மலைக்கோட்டை_லினக்ஸ்

மேல சொன்னது சரி. ஆனா உங்களுக்கு திங்கக்கிழமைக்கு வேணுங்கறது ஒரே ஒரு ஆல்பம் தானே, எதுக்கு மொத்தத்துக்கும் காத்திருக்கணும். எக்ஸுக்கு பதிலா டி (டேபிள்ங்கற வார்த்தைல முதல்ல வர்ற டி) போட்டு, அதாவது மைனஸ் டி எஃப், உள்ள என்னென்ன இருக்குனு லிஸ்டை பாருங்க. பெருசா ஓடும், அதனால பைப் (நேர் கோடு) போட்டு, பக்கம் பக்கமா காட்டற லெஸ்ஸுக்குள்ள அனுப்புங்க. ஆல்பம் ஃபோல்டர் பேர் கிடைச்சதும் மறுபடி எக்ஸ் எஃப், ஆர்கைவ் பேர், பெரிய சி, டிஸ்க் பாத், அதுக்கு அப்புறம் கடைசில அந்த ஃபோல்டர் பேர், லிஸ்ட்ல எப்படி இருக்கோ அப்படியே. இந்த வரிசை முக்கியம் ப்ரோ, ஃபோல்டர் பேரை முதல்ல போட்டு பெரிய சியை பின்னாடி போட்டீங்கன்னா அது நீங்க நிக்கற இடத்துலயே, அதாவது ஹோம்லயே பிரிச்சிடும். ஜீஇசட்ல நேரா ஒரு இடத்துக்கு தாவி போக முடியாது, முதல்ல இருந்து படிச்சுட்டே தான் வரும், அதனால ஒரு ஆல்பம்னாலும் நேரம் எடுக்கும், தொங்கிடுச்சுனு நினைச்சு கன்ட்ரோல் சி அடிச்சிடாதீங்க.

ஸ்டுடியோபையன்

ரொம்ப நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும், ஆல்பம் வந்துட்டு இருக்கு. ஆனா ரெண்டு விதமா எரர் வருது. சூடோ போட்டு தான் ஓட்டினேன். கேனாட் சேஞ்ச் ஓனர்ஷிப்னு வரிசையா வருது, ஆனா படம் ஓபன் ஆகுது. இன்னொண்ணு, சில படத்துக்கு இன்வேலிட் ஆர்க்யுமென்ட்னு வந்து அந்த படமே வரல, பாத்தா அதுக்கெல்லாம் பேர்ல நேரம் இருக்கு, 10:42 அந்த மாதிரி. டிஸ்க் ஃபார்மேட் எக்ஸ்ஃபேட்.

டெர்மினல்வாசி

எக்ஸ்ஃபேட்னு சொன்னதும் ரெண்டுமே புரிஞ்சிருச்சு. அந்த ஃபைல் சிஸ்டத்துல லினக்ஸ் மாதிரி இந்த ஃபைல் யாருடையதுனு எழுதி வைக்க இடம் கிடையாது. சூடோல ஓட்டினா டார் பழைய ஓனரை அப்படியே திரும்ப வைக்க பாக்கும், முடியாது, அதான் எரர். சூடோ இல்லாம ஓட்டுங்க, அந்த முயற்சியே பண்ணாது. உங்க டிஸ்க்ல எழுத உங்களுக்கு அனுமதி இருக்கும், சூடோ தேவையே இல்ல.

கோலன் தான் ரெண்டாவது பிரச்சனை, எக்ஸ்ஃபேட் ஃபைல் பேர்ல கோலனை ஏத்துக்காது. பிரிக்கறப்பவே பேரை மாத்திடலாம்: மைனஸ் மைனஸ் டிரான்ஸ்ஃபார்ம், ஈக்வல், ஒத்தை கோட்டுக்குள்ள எஸ், ஸ்லாஷ், கோலன், ஸ்லாஷ், மைனஸ், ஸ்லாஷ், ஜி. நடுவுல ஸ்பேஸ் எதுவும் வேண்டாம். ஒரு பேர்ல இருக்கற எல்லா கோலனும் மைனஸா மாறிடும். இதை பெரிய சிக்கு முன்னாடி போட்டு அதே கமாண்டை மறுபடி ஓட்டுங்க. ஏற்கனவே வந்த படங்கள் மேல மறுபடி எழுதும், அது வேண்டாம்னா மைனஸ் மைனஸ் ஸ்கிப் ஓல்ட் ஃபைல்ஸ் சேத்துக்கங்க, மூணு வார்த்தைக்கும் நடுவுல மைனஸ்.

நெல்லைக்காரி

இதே கேள்வியோட பின்னாடி வர்றவங்களுக்காக: ஜிப்னா அன்ஜிப், ஃபைல் பேர், மைனஸ் சின்ன டி (டிஸ்க்ல வர்ற டி), பாத், இது ஃபோல்டர் இல்லைன்னா தானே உருவாக்கிக்கும். செவன் ஜிப்ல எக்ஸ், ஃபைல் பேர், மைனஸ் ஓ, அப்புறம் ஓவுக்கும் பாத்துக்கும் நடுவுல ஸ்பேஸ் விடாம ஒட்டி எழுதணும். அதுல எக்ஸுக்கு பதிலா ஈ போட்டீங்கன்னா ஃபோல்டர் அமைப்பு எல்லாம் போய் மொத்தமும் ஒரே இடத்துல கொட்டிடும், ரெண்டு ஃபோல்டர்ல ஒரே பேர்ல படம் இருந்தா ஒண்ணை ஒண்ணு மோதும். கல்யாண படத்துக்கு அது ஆகாது, எல்லா கேமராவும் ஒரே மாதிரி நம்பர் தான் போடுது.

ஸ்டுடியோபையன்

சூடோ எடுத்துட்டு டிரான்ஸ்ஃபார்ம் போட்டு ஓட்டினேன், விட்டுப் போன 14 படமும் வந்துடுச்சு. அதுல ஒண்ணுல அவங்க அப்பா தாலி தட்டை கையில வச்சிட்டு நிக்கறாரு. மிச்ச ஆல்பம் எல்லாம் இப்ப ராத்திரி ஓட விட்டுட்டு போறேன். முடிஞ்சதும் ஹோம்ல இருக்கற 62 ஜிபியை அழிச்சிடலாமா?

மலைக்கோட்டை_லினக்ஸ்

இப்ப அழிக்காதீங்க ப்ரோ. முடிஞ்சதும் எக்ஸ் இருந்த இடத்துல சின்ன டி, அதாவது மைனஸ் டிஃப்ஃபோட டி, லிஸ்ட் போட்ட டி இல்ல, அது போட்டு அதே பெரிய சி பாத்தோட ஓட்டுங்க, ஆர்கைவையும் டிஸ்க்ல இருக்கறதையும் ஒப்பிட்டு சொல்லும். மோட் (அனுமதி), யூஐடி (ஓனர் நம்பர்) வித்தியாசம்னு வர்றதை விடுங்க, அது எக்ஸ்ஃபேட்னால. சைஸ் டிஃபர்ஸ், கன்டென்ட்ஸ் டிஃபர்னு ஒரு வரி வந்தாலும் அந்த படத்தை மறுபடி எடுங்க. கோலன் பேர் மாத்தினது காணோம்னு காட்டலாம், அதை மட்டும் கண்ணால சரி பாத்துக்கங்க. அப்புறமும் இன்னொரு டிஸ்க்ல ஒரு காப்பி போட்டுட்டு அழிங்க.